ஆண் புழுக்கள் போன பக்கம்

அந்தப் புழுக்களை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அருவருப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இருபத்திரண்டு வருடம் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் விரித்துக் குண்டூசி குத்திய கை இது. குடலில் வாழும் உருளைப்புழுவின் படத்தைக் கரும்பலகையில் புத்தகம் பார்க்காமல் போடுவேன். பெண் நீளம், வால் நேராக இருக்கும். ஆண் குட்டை, வால் கொக்கி போல வளைந்திருக்கும். ஐந்து மதிப்பெண். எனக்கு இருந்தது பகை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பிராணி என் மகளின் ஐந்து வருடத்தைத் தின்றுவிட்டு இன்னும் பசியோடு இருக்கிறது என்ற பகை.

மகள் தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. செய்கிறாள். அவளுடைய புழு மண்ணில் வாழ்வது. யாருக்கும் நோய் தராது, யாருக்கும் உதவியும் செய்யாது. அதில் ஆண் புழு எப்படிப் பெண் புழுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. இதற்கு ஐந்து வருடமா என்று நான் கேட்டதுண்டு. பலமுறை கேட்டதுண்டு.

"கல்யாணம் ஆகாத பொண்ணு வாசனை விடும், அதானே?" என்று ஒருநாள் சாப்பிடும்போது சீண்டினேன்.

"கல்யாணம் இல்லம்மா. இன்னும் ஆணோட சேராத பெண். அது காத்துல ஒரு வாசனைய விடும். சேர்ந்துட்டா கொஞ்ச நேரத்துலயே அந்த வாசனை நின்னுடும். ஆண் அதை மோந்துதான் தேடி வரும்."

"வந்து?"

"வந்து வாலால தடவிப் பாக்கும். பின்பக்கமாவே ஊர்ந்து ஊர்ந்து, ஓரம் வந்ததும் திரும்பி, அடுத்த பக்கமும் தடவும். சரியான எடம் கிடைக்கற வரைக்கும் விடாது. பெண்ணு ஓடப் பாக்கும்."

"சாம்பார் சாதத்தோட இதைச் சொல்லணுமா?"

"நீதானே கேட்ட. இன்னொண்ணு கேளு. பெண்ணே இல்லாத தட்டுல ஆணை விட்டா, தின்ன எவ்வளவு இருந்தாலும் அதை விட்டுட்டுத் தேடிக் கிளம்பிடும். தட்டோட சுவர்ல ஏறும். ஏறி அங்கயே காஞ்சு செத்துப்போயிடும்."

"முட்டாள்," என்றேன்.

"ஆமாம்," என்றாள். அவளுக்கு அதில் ஏதோ பெருமை இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவர் போய் ஏழு வருடமாகிறது. மயிலாப்பூரில் இரண்டு அறை ஃப்ளாட். அதில் என் படுக்கையறையில் மட்டும் ஏசி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வருடம் வெயில் காலத்தில் அவளுடைய நிலையத்தில் மின்கம்பிகளை மாற்றும் வேலை தொடங்கியது. வார நாட்களில் ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு ஏசியும் கிடையாது, குளிர்ப்பெட்டியும் கிடையாது. புழுவோ இருபது டிகிரியில் இருக்க வேண்டிய புழு. சென்னை வெயில் பட்டால் முட்டை வைப்பதைக்கூட நிறுத்திவிடுமாம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு தெர்மாகோல் பெட்டியில் புழுக்களைச் சுமந்துகொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தாள். என் அறையில் ஏசியை இருபதில் வைத்தாள். என் தையல் மெஷின் மேல் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்தாள். என் தலையணையை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டாள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அந்த அறையைக் கூட்டப் போய்விட்டுத் துடைப்பத்தோடு திரும்பி வந்தாள். முன்பு மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்தில் குடியிருந்தவள். அவர்களை அங்கிருந்து எடுத்துக் கண்ணகி நகரில் கொண்டுபோய் வைத்த பிறகும், பஸ் மாறி மாறி இங்கே வந்துகொண்டிருப்பவள்.

"இன்னாமா இது, மன்சாளுக்கு ஃபேனு, புழுவுக்கு ஏசியா?"

"பாப்பாவக் கேளு."

"பாப்பா, அதுக்கு போர்வை கீர்வை வாங்கியாரட்டா?"

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஸ்காலர்ஷிப் டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் இந்தக் கணக்கெடுப்பு முடிந்து கட்டுரையாக வெளிவரவில்லை என்றால் ஐந்து வருடத்துக்கும் கையில் ஒன்றுமில்லை. இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அவள் குளிக்கப் போயிருந்தபோது மேசை மேல் கிடந்த கடிதத்தில் நானே படித்தேன்.

சோதனை சுலபமானது. இரண்டு சின்ன ட்யூப். ஒன்றில் பெண் புழுக்கள் சில மணி நேரம் கிடந்த தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர். தட்டின் ஒரு ஓரத்தில் இதில் ஒரு சொட்டு, எதிர் ஓரத்தில் அதில் ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டையும் சுற்றி ஒரு வட்டம் வரைந்திருக்கும். போன புழு திரும்பி வராமல் இருக்க அங்கே கொஞ்சம் மயக்க மருந்து. நடுவில் ஆண் புழுக்கள். ஒரு மணி நேரம் கழித்து எந்த வட்டத்தில் எத்தனை என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் எண்ணுவதில் இருந்தது. எல்லாப் புழுவும் ஒழுங்காக வட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. ஒன்றின் வால் மட்டும் கோட்டின் மேல் கிடக்கும். ஒன்று கோட்டை ஒட்டியே வளைந்து கிடக்கும். உள்ளேயா வெளியேயா? எண்ணுகிறவளுக்கு எந்த வட்டம் வாசனை வட்டம் என்று தெரிந்தால், கை தானாக அந்தப் பக்கம் சேர்த்துவிடும். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம், ஆசை இருந்தாலே போதும். அதனால் எண்ணுகிறவளுக்கு அது தெரியக் கூடாது. வேறொருவர் ட்யூபுகளில் ரகசிய எழுத்து ஒட்டி, எது எது என்று தன் நோட்டில் மட்டும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"நீ பண்றியாம்மா?" என்று கேட்டாள். அந்த ஐந்து வருடத்தில் அவள் தன் வேலையில் என்னிடம் கேட்ட முதல் உதவி.

ஏழு சனிக்கிழமை செய்தேன். அவள் இரண்டு ட்யூபையும் சமையல் மேடையில் வைத்து, இடது கைப் பக்கம் இருப்பது வாசனை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் வெள்ளைத் துணி டேப்பை இரண்டு துண்டு வெட்டி, ஏதாவது இரண்டு தமிழெழுத்து எழுதி ஒட்டுவேன். ஒரு வாரம் த, ம. இன்னொரு வாரம் ற, ப. எந்த ஒழுங்கும் இல்லாமல் மாற்றி மாற்றி எழுதினேன். நோட்டைப் பூட்டி வைத்தேன். பரீட்சை வினாத்தாள் கட்டைக் காத்தவள் நான், அந்த நோட்டைக் காக்கத் தெரியாதா?

எதை எழுதத் தொடங்கினாலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவது என் வழக்கம். காய்கறிச் சீட்டிலும் போடுவேன், விடைத்தாள் கட்டின் மேல்தாளிலும் போடுவேன். யோசித்துப் போடுவதில்லை. பேனா பேப்பரில் பட்டதும் கை அதைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அன்றைய முதல் டேப்பில் எழுத்துக்கு மேலே, எறும்பு அளவுக்கு, அது விழுந்திருக்கிறது. இரண்டாவது டேப்பில் விழவில்லை, ஏனென்றால் அதற்குள் தொடங்கியாகிவிட்டது. சரி, முதல் டேப் எந்த ட்யூபுக்கு? வெறும் தண்ணீரை வைத்து ஒரு காரியத்தை எப்படித் தொடங்குவது? காலிக் குடத்தை எதிரில் கொண்டுவந்தால் வாசற்படி இறங்காத வீட்டில் பிறந்தவள் நான். ஏழு சனிக்கிழமையும் வாசனை ட்யூபைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன்.

ஏழு வாரமும் சுழி வாசனையின் மேல். எழுத்தை நான் எவ்வளவு மாற்றினால் என்ன?

அதைக் கண்டுபிடித்தவன் அவளோடு அதே லேபில் படிக்கும் பையன். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தெற்கத்திக் குடும்பம். வாராந்திரக் கூட்டத்தில் மகள் தன் சோதனையின் படங்களைத் திரையில் காட்டியிருக்கிறாள். ட்யூப் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவளுடைய கைடு வடக்கிலிருந்து வந்த அம்மாள், தமிழ் எழுத்து தெரியாது. இவன் எழுந்து நின்று, "மேடம், அது எழுத்து இல்ல. எங்க கடையில தெனமும் மொத பில்லு மேல எங்கப்பா போடறது," என்று சொல்லியிருக்கிறான். பிறகு ஒவ்வொரு வாரப் படத்தையும் வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் மகள் போன் செய்தாள். "நாளைக்கு உன் நோட்டை எடுத்துட்டு இங்க வா" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

தரமணி ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடப்பவர்களின் கூட்டத்தில் என் கைப்பைக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று. கைடின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கைடு, அந்தப் பையன், சுவரோரம் நின்றிருந்த என் மகள். கைடு என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எது ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். வாசனை."

"ஆக, என் ட்யூபின் மேல் நீங்கள் பிரார்த்தனை எழுதியிருக்கிறீர்கள்."

அது பிரார்த்தனை அல்ல, கைப்பழக்கம் என்று விளக்கத் தொடங்கினேன். காலிக் குடம்வரை போய்விட்டேன். ஆங்கிலத்தில் காலிக் குடத்தை விளக்கிப் பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு மடத்தனமாக ஒலிக்கும் என்பது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

"ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. கட்டுரையில பேர் போடற எடத்துல பிள்ளையார் பேரையும் சேத்துடலாம். வேலை பாத்திருக்காருல்ல."

அவனை ஒரு அறை அறைந்திருப்பேன். நோட்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன். ஏழு பக்கம். ஏழு பக்கத்தின் தலையிலும் அதே சுழி. நோட்டே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

கைடு முடிவைச் சொன்னார். ஏழு வாரக் கணக்கும் குப்பை. யாரும் ஏமாற்றியதாகத் தாம் சொல்லவில்லை, ஆனால் அடையாளம் இருந்த சோதனையை வெளியில் காட்ட முடியாது. கரன்ட் வேலை முடிய இன்னும் மூன்று வாரம். மூன்று சனிக்கிழமை திரும்பச் செய்யட்டும். இந்த முறையும் ஆண் புழுக்கள் வாசனைப் பக்கமே போனால் கட்டுரை எழுதலாம். போகவில்லை என்றால் அந்த அத்தியாயமே இல்லை.

"வீட்டில் ட்யூபுக்கு அடையாளம் போட யாராவது இருக்கிறார்களா?" என்று மகளைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாவைத் தவிர, யார் வேண்டுமானாலும்," என்றார்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அத்தோடு முடிந்திருக்கும். பதிலாக, சுவரோரம் நின்ற மகளிடம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"நிஜமா சொல்லு. அந்தச் சுழிய நீ பாத்தியா, இல்லையா?"

அந்தப் பையன்கூடச் சிரிப்பை நிறுத்தினான். கைடுக்கு வார்த்தை புரியவில்லை, முகங்கள் புரிந்தன. மகள் என்னைப் பார்த்தபடி, "இல்ல," என்றாள்.

வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றோம். ரயில் வரவில்லை. அவள்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"உள்ள என்ன கேட்ட?"

"என்ன கேட்டேன்?"

"நடிக்காத."

"ஒரு வார்த்தை கேட்டேன்டி. தெளிவா போயிடுமேன்னு."

"மேடம் கேக்கல. அவன், அந்த நாய், அவனே கேக்கல. நீ கேட்ட."

"கண்ணுக்கு முன்னால இருந்திருக்கு. ஏழு வாரம். எப்படிடீ பாக்காம இருப்ப?"

"பொறந்ததுலேருந்து இந்த வீட்டுல எல்லாத்து மேலயும் அது இருக்கு. பால் கணக்கு, காலண்டர், என் ஸ்கூல் லீவ் லெட்டர். அது எனக்குச் சுவத்துல சுண்ணாம்பு மாதிரி. சுண்ணாம்பை யாராவது பாப்பாங்களா?" ரயில் சத்தம் கேட்டது. "எட்டாங்கிளாஸ் ரிப்போர்ட் கார்டு இன்னும் உன் மண்டைக்குள்ள இருக்கு. அதைச் சொல்லு."

இருந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய நாற்பத்தொன்றை அவள் தொண்ணூற்றொன்றாகத் திருத்திக் கொண்டுவந்தாள். நான் அதே பள்ளியில் ஆசிரியை. ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அது என் கைக்கு வந்தது. அடித்தேன். அன்றே முடிந்துவிட்டது என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகு அவள் நல்ல மதிப்பெண் வாங்கிவந்த ஒவ்வொரு தாளையும் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவள் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

திருமயிலை வரும்வரை அவள் கதவருகே நின்றாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவள் வேலைக்காரப் பெண்ணைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வடக்கு மாட வீதிக்குப் போய்க் காய் வாங்கி வர வேண்டும், ஒரு மணி நேரம் திரும்பக் கூடாது என்பது ஏற்பாடு. என் வீட்டில் என்னை வெளியே அனுப்பிவிட்டு என் சமையலறையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், வேண்டாத புடலங்காயைத் தூக்கிக்கொண்டு குளத்தைச் சுற்றினேன்.

என்ன நடந்தது என்பதை மகள் எனக்குச் சொல்லவில்லை. வேலைக்காரப் பெண்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், கொஞ்சம் பெருமையாக.

"எனக்கு எழுதத் தெரியாது பாப்பான்னேன். 'அதான்க்கா நல்லது'ன்னுச்சு பாப்பா. எவர்சில்வர் டம்ளர்ல வாசனை ட்யூபு, கண்ணாடி டம்ளர்ல வெறுந்தண்ணி ட்யூபு வெச்சுட்டு அது வெளிய பூடுச்சு. நான் காசு சுண்டுவேன். தலை வுழுந்தா எவர்சில்வருக்கு செவப்பு நூலு, பூ வுழுந்தா பச்ச நூலு. மத்தத மத்ததுக்கு. கட்டி ரெண்டையும் ஒரே கிண்ணத்துல போட்டுட்டு டம்ளர கழுவிட்டேன்."

"எது எதுன்னு எப்படி ஞாபகம் வெச்சுக்கற?"

"எவர்சில்வருக்குக் கட்டின நூலுல ஒரு துண்டு கிள்ளி, அன்னிய பஸ் டிக்கெட்டுல மடிச்சு சுருக்குப்பையில போட்டுக்கினேன். டிக்கெட்டுல தேதி கீதுல்ல."

பெண்களுக்குக் கொடுக்கும் இலவச டிக்கெட். நான் பூட்டிய பீரோவில் வைத்துக் காத்த ரகசியத்தை அவள் இடுப்பில் சொருகிக்கொண்டு கண்ணகி நகருக்கும் மயிலாப்பூருக்கும் பஸ்ஸில் போய்வந்தாள். என் கையெழுத்து அழகு. விளக்கப் படத்துக்குப் பெயர் எழுத மற்ற வகுப்பு ஆசிரியைகள்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை வேண்டாமென்று ஆனது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் பேச்சு குறைந்தது. இருந்த பேச்சும் பேச்சாக இல்லை. ஏசி சத்தம் கேட்கும். அவள் எண்ணும்போது கையில் அழுத்தும் கருவியின் டிக், டிக் கேட்கும். நான் கதவுக்கு வெளியே நின்று அந்த டிக்குகளைக் கேட்டேன். ஒரு தட்டில் நீளமாகக் கேட்டது, பிறகு கொஞ்சமாகக் கேட்டது. எந்த நூல் எது என்று தெரியாமல் அந்தச் சத்தத்தில் ஒன்றும் புரியாது. தெரிந்தால் புரிந்துவிடும்.

இரண்டாவது சனிக்கிழமை அவள் எண்ணி முடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். மைக்ராஸ்கோப் பக்கத்தில் அவளுடைய தாள் கிடந்தது. சிவப்புக்கு நேரே பெரிய எண், பச்சைக்கு நேரே சின்ன எண். நான் சமையலறைக்குப் போனேன். வேலைக்காரப் பெண் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எவர்சில்வருக்கு எந்த நூல் கட்டின?"

துடைப்பதை நிறுத்தினாள்.

"இன்னாமா நீ? மறுபடியுமா?"

"நான் எதையும் தொடப் போறதில்ல. எண்ணியாச்சு. தெரிஞ்சா எனக்கு நிம்மதி, அவ்வளவுதான்."

"பாப்பா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிகீது."

"நான் யாரோவா? நான் அவளைப் பெத்தவ."

"ஒனக்குத்தான் மொதல்ல சொல்லக் கூடாதுன்னுச்சு." துணியைப் பிழிந்தாள். "ஏம்மா, ஒம் பொண்ணு தப்பு பண்ணிகீதான்னு என்னாண்ட கேக்கறியா?"

"நான் அப்படிக் கேக்கல."

"அத்தத்தான் கேக்கற."

சம்பளம் வாங்குகிறவள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். நல்ல வேளையாக ஒன்றும் வரவில்லை. அவள் இடுப்பில் சுருக்குப்பை புடைத்துக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தூரத்தை நான் கண்ணால் அளந்தேன்.

மூன்றாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை, மகள் வேலைக்காரப் பெண்ணையே தரமணிக்கு அழைத்துப் போனாள். அவள் வேறு வீடுகளில் அரை நாள் லீவு சொல்லி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. சுருக்குப்பையிலிருந்து மூன்று டிக்கெட்டையும் கைடின் மேசையில் அவளே பிரித்து வைத்தாளாம். கைடு ஒவ்வொரு டிக்கெட்டின் தேதியையும் கண்ணாடி போட்டுப் படித்தாராம். முதல் வாரம் பச்சை. இரண்டாவது வாரம் சிவப்பு. மூன்றாவது வாரம் சிவப்பு.

எல்லாம் பொருந்தியது. மூன்று வாரமும் ஆண் புழுக்கள் வாசனைப் பக்கமே போயிருந்தன. பழைய ஏழு வாரத்தில் போன அளவுக்கே போயிருந்தன. கோட்டின் மேல் வால் கிடந்த புழுக்களை அவள் பழையபடிதான் எண்ணியிருக்கிறாள். சுழி இருந்தபோதும், இல்லாதபோதும்.

சாயங்காலம் நான் கேசரி கிளறி வைத்திருந்தேன். செய்தி எனக்கு வேலைக்காரப் பெண்ணின் போனில் முன்பே வந்துவிட்டது. மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் வாசலுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்டி. நான் உன்னை நம்பினேன்."

கையை உருவிக்கொண்டாள். கோபமாக இல்லை. வெயிலில் வந்தவள் பையை இறக்குவதுபோல.

"எப்ப நம்பின?"

"எப்பவுமே."

"இல்லம்மா. இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு நம்பின. அக்கா போன் பண்ணப்புறம். அந்தப் புழு உனக்கு வந்து சாட்சி சொல்லணும். ஒரு மில்லிமீட்டர் புழு. அது சொன்னா நம்புவ. நான் சொன்னா நம்ப மாட்ட."

"உனக்காகத்தானே பயந்தேன். டிசம்பரோட ஸ்காலர்ஷிப்..."

"டிசம்பர்னு நான் உங்கிட்ட சொன்னதே இல்லையே." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அந்த லெட்டரையும் படிச்சாச்சு. சரி. அக்காகிட்ட நூல் கேட்டியாமே, அதையும் சொல்லிட்டாங்க. நல்லவங்க, பாவம். ரயில்ல சொல்லாம சொல்லாம வந்து திருவான்மியூர்ல சொன்னாங்க."

கேசரியைத் தொடவில்லை. ஹாஸ்டலில் ஓர் அறை காலியாக இருக்கிறதென்றும், கட்டுரை எழுதி முடியும்வரை அங்கே இருப்பதாகவும் சொன்னாள். தெர்மாகோல் பெட்டியில் தட்டுகளை அடுக்கினாள். மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றினாள். நான் வாசலில் நின்று, துணி எடுத்தியா, சார்ஜர் எடுத்தியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் எடுத்தேன் என்றாள். அவள் ஆட்டோவில் ஏறிய பிறகு மேலே வந்து, அவள் எடுத்தாளா என்று அலமாரியைத் திறந்து பார்த்தேன். எடுத்திருந்தாள்.

தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து கிடந்தது. மகள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் அவற்றின் தீனி அப்படியே மங்கலாகப் படர்ந்திருந்தது. பிளாஸ்டிக் சுவரின் மேல், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, முடித்துணுக்கு போல ஐந்தாறு கோடுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. குப்பையில் போட்டேன்.

சுழி போட்டதற்கு அவளிடம் பலமுறை மன்னிப்பு கேட்டுவிட்டேன். அது சுலபம், அதை எல்லோரும் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறார்கள். அந்தப் பையன்கூட மன்னித்துவிட்டானாம். கைடின் அறையில் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை தாள்களையும் வெளிச்சத்தில் பிடித்ததைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். எடுக்கிறாள். கட்டுரை ஆய்விதழுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்று போன வாரம் சொன்னாள். நேற்றைக்கு, சாப்பிட்டியா என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்."

"நிஜமாவா?" என்றேன்.

வைத்துவிட்டாள்.